மூன்றடிப் பலகையில் ஓர் இரயில் பாதை

(பரிசளிப்பு விழாவையொட்டிப் பள்ளி மண்டபத்தில் பெற்றோர்க்கும் மாணவர்க்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மண்டபத்தின் வலப்பக்க மூலையில் ஒரு சிறிய மேசை இருக்கிறது. அதன்மேல் மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒரு பலகை. பலகையில் ஒரு இரயில் பாதை. உள்ளே வரும்போதே பிள்ளைகள் அதைச் சூழ்ந்துகொண்டதைப் பார்த்தேன். பெரியவர்களிலும் சிலர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்ல எட்டிப் பார்த்ததையும் கவனித்தேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரயிலைக் கண்டால் எட்டிப் பார்க்காத மனிதர் யார்?

சில மாதங்களுக்கு முன் ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, "டீச்சர், புள்ளைங்கள வச்சிக்கிட்டு ரயிலு விளையாடுறீங்களாமே? இதுக்கு மார்க் உண்டுங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கவலையோடுதான் கேட்டார். அந்தக் கவலை நியாயமானது. ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021-ஆம் ஆண்டோடு எடுக்கப்பட்டுவிட்டது என்றாலும், பிள்ளையின் படிப்பைப் பற்றிய கவலையைப் பெற்றோர் மனத்திலிருந்து யாராலும் எடுக்க முடியாது. அவருக்கு அன்று நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலை இன்று உங்கள் எல்லோர்க்கும் சொல்ல விரும்புகிறேன். கூடவே, வீட்டில் இடம் இல்லாதவர்கள் ஒரு சிறிய இரயில் பாதையை எப்படித் திட்டமிடுவது என்பதையும் படிப்படியாகச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்பது முடிவில் விளங்கும்.

இரயில் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. இந்த நாட்டின் முதல் இரயில் பாதை நம்முடைய பேராக் மாநிலத்தில்தான் ஓடியது. 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1-ஆம் தேதி, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகம் வரை, ஏறத்தாழ 8 மைல் நீளத்திற்கு அதைத் திறந்தார்கள். ஈயத்தைச் சுரங்கத்திலிருந்து கப்பலுக்குக் கொண்டு போவதற்காகப் போட்ட பாதை அது. அதை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையை வரவழைத்தார்கள். அதன் பிறகு நாட்டில் பாதைகள் நீள நீள, தண்டவாளம் சுமந்த தோளும், கல் கொட்டிய கையும், நிலையத்தில் கொடி காட்டிய கையும் பெரும்பாலும் தமிழர்களுடையவை என்றால் மிகையாகாது. இன்று தாப்பா ரோடு நிலையத்தில் நின்று போகும் மின்சார இரயில் 2010-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. அது ஓடும் தண்டவாளத்தின் அகலம் 1 மீட்டர். அந்த ஒரு மீட்டரைப் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது கணக்கில் வரும்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் செய்த தவறு மாணவர்க்கு நல்ல பாடம்.

மாதிரி இரயில் செய்யலாம் என்று தோன்றியதும் நான் நேரே கடைக்குப் போய் முழுப் பிளைவுட் பலகை ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். முழுப் பலகை என்றால் எட்டடிக்கு நாலடி. "பெரிசா செஞ்சாத்தான் நல்லாருக்கும்" என்ற ஆசை. ஸ்டோர் அறையில் சுவரோரமாகப் போட்டு, கீழே சட்டம் அடித்து, ஒரு மூலையில் காகிதக் கூழால் மலையும் செய்தோம். முதல் சங்கடம், சுவர்ப்பக்கம் இருந்த பாதையில் வண்டி கவிழ்ந்தால் என் கை எட்டவில்லை. ஒரு மாணவனைப் பலகையின்மேல் படுக்கவைத்து எடுக்கச் சொன்னேன். அவன் வண்டியை எடுத்தான், ஆனால் மலையை உடைத்துவிட்டான். இரண்டாவது சங்கடம், மழைக்காலத்தில் ஸ்டோர் ஒழுகியபோது பலகையை வெளியே எடுக்கப் பார்த்தோம். சட்டமும் மலையுமாகச் சேர்ந்து கதவுக்குள் நுழையவே இல்லை. கடைசியில் தோட்டத்துத் தச்சர் மாமா வந்து அதை இரண்டாக அறுத்தார். அறுத்துக்கொண்டே, "ஏம்மா, கட்டறதுக்கு முன்னால கதவ அளந்தீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. பயிற்சிக் கல்லூரியில் வாங்கிய சான்றிதழில் கதவை அளக்கச் சொல்லித் தரவில்லை.

'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்று நம் முன்னோர் சொன்னது வீட்டுக்கு மட்டும் அல்ல, இரயிலுக்கும் பொருந்தும்.

ஆகவே முதல் படி, இடத்தை அளப்பது. இரயில் படத்தைப் பார்க்குமுன் வீட்டைப் பாருங்கள். லயத்து வீடாக இருக்கலாம், மலிவு விலை அடுக்குமாடி வீடாக இருக்கலாம். எங்கே வைப்பது, எங்கே எடுத்துச் சாத்துவது, எந்தக் கதவு வழியாகப் போகும், அம்மா கூட்டும்போது யார் தூக்குவது என்று நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பழைய செய்தித்தாளை ஒட்டி, நினைத்த அளவுக்கு வெட்டி, தரையில் விரித்து வையுங்கள். மூன்று நாள் அது அங்கேயே கிடக்கட்டும். யாராவது தடுக்கி விழுந்தால் அளவு பெரிது என்று பொருள். காகிதத்தைக் கத்தரிப்பது சுலபம், பலகையை அறுப்பது கடினம்.

இன்னொரு விதி உண்டு. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கை நீட்டி வேலை செய்வதானால் அகலம் இரண்டடிக்கு மேல் போகக்கூடாது. அதுவும் பெரியவர் கைக்கு. பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு ஒன்றரை அடி போதும். எங்கள் பலகையை மூன்றடிக்கு இரண்டடி என்று முடிவு செய்தது இப்படித்தான். மேசைமேல் வைத்து இரு பக்கமும் நிற்கலாம். இரண்டு பிள்ளைகள் தூக்கலாம். கதவில் பக்கவாட்டாகச் சாய்த்துக் கொண்டு போகலாம். அலமாரிக்குப் பின்னால் நிறுத்தியும் வைக்கலாம்.

இரண்டாவது படி, எந்த இரயிலைச் செய்வது என்று முடிவு செய்வது. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பிள்ளைகளைக் கேட்டால் ஈப்போவுக்குப் போகும் மின்சார இரயில்தான் வேண்டும் என்பார்கள். சரி, கணக்குப் போடுவோம். ஒரு பெட்டியின் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உலகத்தில் அதிகமாகப் பழக்கத்தில் உள்ள மாதிரி அளவு 87-இல் ஒரு பங்கு. அதை எச்.ஓ. என்பார்கள். 2000 சென்டிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 23 சென்டிமீட்டர் வரும். ஆறு பெட்டி சேர்த்தால் 138 சென்டிமீட்டர், அதாவது நாலரை அடி. நம் பலகையோ மூன்றடிதான். பலகையைவிட இரயில் நீளம்!

இன்னும் சிறிய அளவு ஒன்று உண்டு. 160-இல் ஒரு பங்கு. அதற்கு என் என்று பெயர். அதில் ஒரு பெட்டி பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஆறு பெட்டிக்கு 75 சென்டிமீட்டர். பலகைக்குள் அடங்கும், ஆனால் தலை ஒரு முனையில், வால் மறு முனையில் என்று நிற்கும். ஓடுவதற்கு இடம் எங்கே?

நீளம் மட்டும் அல்ல, வளைவும் பார்க்க வேண்டும். எச்.ஓ. அளவில் கடையில் கிடைக்கும் சிறிய வளைவே ஏறத்தாழ 36, 37 சென்டிமீட்டர் ஆரம் கொண்டது. ஆரத்தை இரண்டால் பெருக்கினால் விட்டம் 74. ஓரத்தில் இரு பக்கமும் எட்டு எட்டு சென்டிமீட்டர் விட்டால் 90. மூன்றடி அகலம் இல்லாமல் வண்டியைத் திருப்பவே முடியாது. நம்மிடம் இருப்பது இரண்டடி.

அப்படியானால் கைவிடுவதா? வேண்டாம். இடம் சிறிது என்றால் சிறிய இடத்துக்காகவே பிறந்த இரயிலைத் தேட வேண்டும். அது எங்கே இருக்கிறது தெரியுமா? நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தெலுக் இந்தான் பக்கம், ஜெண்டராட்டாவில், 1906-இல் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க்கு நாட்டுப் பொறியாளர் தொடங்கிய தோட்டம், பின்னால் யுனைட்டெட் பிளான்டேஷன்ஸ் என்று வளர்ந்தது. அங்கே செம்பனைக் குலைகளைக் குறுகிய தண்டவாளத்தில் ஓடும் தோட்ட இரயிலில் ஆலைக்கு இழுத்துப் போகிறார்கள். ஆற்றோரத்து மண் இளகிய மண். பாரமான லாரி இறங்கினால் சக்கரம் புதையும். தண்டவாளம் பாரத்தைப் பரப்பித் தாங்கும். அதனால் அங்கே இரயில்தான் தோது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், செம்பனை ஆலையில் வேலை செய்யும் உங்கள் உறவினர் யாரையாவது கேளுங்கள். பல ஆலைகளில் குலைகளைக் கூண்டு வண்டியில் நிரப்பி, அந்த வண்டியைத் தண்டவாளத்தின் மேலேயே தள்ளி, ஆவியில் அவிக்கும் பெரிய உருளைக்குள் அனுப்புவார்கள். அதுவும் ஓர் இரயில்தான். சீட்டு வாங்கிப் போகாத இரயில்.

தோட்ட இரயிலின் சிறப்பு என்ன? எஞ்சின் சிறியது. வண்டி குட்டை. பாதை குறுகல். சட்டென்று வளையும். மூன்று வண்டி கோத்தாலே முழு இரயில். குறைந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேறு வேண்டுமா? பெரிய இரயிலைச் சுருக்கி அழகைக் கெடுப்பதைவிட, சிறிய இரயிலை முழுமையாகச் செய்வது மேல். 'விரலுக்கேற்ற வீக்கம்' என்பது இதுதான்.

மூன்றாவது படி, அளவும் தண்டவாளமும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. என் அளவுத் தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். அந்தத் தண்டவாளத்தின்மேல் 160-இல் ஒரு பங்கு வண்டி வைக்காமல், 87-இல் ஒரு பங்கு வண்டி வைத்தால் என்ன ஆகும்? 9-ஐ 87-ஆல் பெருக்குங்கள். 783 மில்லிமீட்டர். முக்கால் மீட்டரை ஒட்டிய குறுகிய பாதையாகிவிடும். நம் நாட்டு இரயிலின் 1 மீட்டரைவிடக் குறைவு. தோட்ட இரயிலுக்குச் சரியான தோற்றம். தண்டவாளமும் எஞ்சினின் அடிப்பகுதியும் சிறிய அளவில் கடையில் கிடைக்கும். மேலே இருக்கும் கூண்டும் வண்டியும் நாமே அட்டையில் செய்யலாம். மனித உருவங்களும் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கும். ஐந்தரை அடி ஆள் 87-இல் ஒரு பங்கில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். 160-இல் ஒரு பங்கில் அவர் 1 சென்டிமீட்டர்தான். தலையில் கட்டிய துண்டு தெரியுமா?

நான்காவது படி, பாதையின் வடிவம். சிறிய பலகையில் இரண்டே வழிதான். ஒன்று, வட்டமாகச் சுற்றி வருவது. மற்றொன்று, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய் நிற்பது.

வட்டத்தை முதலில் பார்ப்போம். பலகை 90 சென்டிமீட்டருக்கு 60. ஓரத்தில் பத்துப் பத்து சென்டிமீட்டர் விட்டால் அகலத்தில் மிஞ்சுவது 40. ஆகவே வளைவின் ஆரம் 20. இரண்டு முனையிலும் அரை வட்டம், நடுவில் இரண்டு நேர்க்கோடு. நீளத்தில் ஓரம் போக 70 மிஞ்சும், அதில் வளைவுக்கு 40 போனால் நேர்க்கோடு 30. மொத்தப் பாதை எவ்வளவு? இரண்டு அரை வட்டம் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். 2 பெருக்கல் 22-இன்கீழ் 7 பெருக்கல் 20. அது 125.7. நேர்க்கோடு இரண்டும் சேர்த்து 60. ஆக மொத்தம் ஏறத்தாழ 186 சென்டிமீட்டர். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் நூலைப் பாதையின்மேல் வைத்து அளந்து பார்த்தார்கள். 186-க்கு ஒரு விரல் அகலம் முன்னே பின்னே வந்தது. பலகையில் அளந்ததும் தாளில் போட்டதும் ஒன்றாக வந்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இரண்டாவது வகைக்கு வட்டமே தேவை இல்லை. நான்கடி நீளம், ஓரடி அகலப் பலகை போதும். சன்னல் திட்டில் வைக்கலாம். இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் வகுத்த இங்கில்நூக் என்ற அமைப்பு இதற்குப் புகழ் பெற்றது. மூன்று ஒதுக்குப் பாதை. ஒன்றில் ஐந்து வண்டி நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. இந்தப் பக்கம் எஞ்சினும் மூன்று வண்டியும் நிற்க ஒரு துண்டுப் பாதை. தடம் மாற்றும் பாயிண்டு இரண்டே இரண்டு. எட்டு வண்டியில் ஐந்து வண்டியைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, சீட்டில் வந்த வரிசைப்படியே கோக்க வேண்டும். கையால் தூக்கி வைக்கக்கூடாது. எஞ்சினால் தள்ளியும் இழுத்தும்தான் சேர்க்க வேண்டும். எத்தனை விதமான வரிசை வரும்? 8 பெருக்கல் 7 பெருக்கல் 6 பெருக்கல் 5 பெருக்கல் 4. அதாவது 6,720. நாளுக்கு ஒன்று ஆடினாலும் பதினெட்டு ஆண்டுக்குக் குறையாமல் வரும். தாயம் ஆடுவதைப்போல மூளைக்கு வேலை கொடுக்கும் ஆட்டம். இடம் மிகவும் குறைவாக உள்ளவர்களுக்கு இதையே சொல்வேன்.

ஐந்தாவது படி, ஆசையை அடக்குவது. "டீச்சர், பாலம் வேணும். ஒரு ரயிலு மேல, ஒரு ரயிலு கீழ" என்றார்கள் பிள்ளைகள். சரி, கணக்கு. கீழே வண்டி போக 5 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். மாதிரி இரயில் சிரமமில்லாமல் ஏற, 33 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் உயர்வே அதிகம். 5 சென்டிமீட்டர் ஏற 165 சென்டிமீட்டர், இறங்க இன்னொரு 165. மொத்தம் 330. நம் பாதையோ 186. முடியாது என்று நான் சொல்லவில்லை, கணக்கு சொன்னது. பிள்ளைகளும் மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்டார்கள். ஆசிரியர் சொன்னால் முணுமுணுப்பார்கள், கணக்கு சொன்னால் முணுமுணுக்க முடியாது.

பாயிண்டுகளும் அப்படித்தான். முதல் பாதைக்கு ஒன்று போதும். எங்கள் பாதையில் ஆலைக்குப் பிரியும் கிளை ஒன்றுதான். ஒவ்வொரு பாயிண்டும் வண்டி கவிழ்வதற்கு இன்னோர் இடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். கணக்குப் பாடம் என்றால் கடைசி வரிசைக்குப் போய்விடுவான். அவன் அப்பா குலை லாரி ஓட்டுபவர். கிளைப் பாதையை நான் வட்டத்துக்கு மிக நெருக்கமாக வரைந்திருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவன் மட்டும், "டீச்சர், வளைவுல வண்டியோட வாலு வெளிய வீசும். அப்பா லாரிய திருப்புறப்போ பாத்திருக்கேன். நின்னுக்கிட்டிருக்குற வண்டிய அது இடிச்சிடும்" என்றான். சந்தேகத்தோடு ஒரு வண்டியை வைத்து உருட்டிப் பார்த்தேன். இடித்தது. வளைவில் வண்டியின் முனை வெளிப்பக்கமும் நடுப்பகுதி உள்பக்கமும் பாதையைவிட்டு நீளும். புத்தகம் படித்த நான் அதை மறந்தேன். அப்பாவின் லாரியில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அது தெரிந்திருந்தது. கிளைப் பாதையை இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போட்டோம். அன்றிலிருந்து அவன் கடைசி வரிசையில் உட்காரவில்லை. மார்க் உண்டா என்று கேட்ட தகப்பனார் இங்கே இருந்தால், இதுதான் ஐயா என் பதில்.

ஆறாவது படி, கைவேலை. பலகைக்கு 9 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். கீழே சட்டம் அடிக்காவிட்டால் நம் ஊர் ஈரத்துக்கு வளைந்துவிடும். மேடு பள்ளத்துக்கு மீன் வரும் வெள்ளை நுரைப்பெட்டியை வெட்டி ஒட்டுங்கள், பாரம் இருக்காது. தரைக்குத் தோட்டத்துச் செம்மண்ணையே காயவைத்துச் சலித்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒட்டினோம். ஆனால் ஒட்டுமுன் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி மண்ணின்மேல் ஓட்டுங்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அது எஞ்சினுக்குள் போனால் மோட்டார் கெட்டுவிடும்.

பத்து மீட்டர் செம்பனை மரம் 87-இல் ஒரு பங்கில் பதினொன்றரை சென்டிமீட்டர். விளக்குமாற்றுக் குச்சியும் பச்சைத் தாளும் போதும். குலைக்கு என்ன செய்வது என்று யோசித்தோம். சமையலறையிலிருந்து ஒரு மாணவி மல்லி விதை கொண்டு வந்தாள். விதை 4 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 35 சென்டிமீட்டர். அசல் குலையின் அளவு! செஞ்சாயம் பூசினோம், ஒரு விதை ஒரு குலை. லயம், ஆயாக் கொட்டகை, கோயில், சடக்கோரத்தில் பீடோர் கொய்யா விற்கும் கடை, எல்லாம் மாத்திரை அட்டையிலும் தீக்குச்சியிலும் பிள்ளைகள் செய்தவை.

மின்சாரத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மாதிரி இரயில் ஓடுவது 12 வோல்ட் நேர்மின்சாரத்தில். இரண்டு தண்டவாளமும் இரண்டு கம்பிபோல் வேலை செய்யும். கம்பியை மாற்றிக் கொடுத்தால் எஞ்சின் பின்னால் போகும். வீட்டுச் சுவரில் வருவதோ 230 வோல்ட். கடையில் வாங்கிய முறையான மின்மாற்றிப் பெட்டி வழியாகத்தான் இணைக்க வேண்டும். பிள்ளைகள் தாமாகச் சுவர்ப் பிளக்கில் கம்பி செருகக்கூடாது. வண்டி விட்டு விட்டு ஓடினால் கோளாறு பெரும்பாலும் தண்டவாளத்து அழுக்கு. சுத்தமான துணியால் துடையுங்கள். ஓடிவிடும்.

அன்பார்ந்தவர்களே, இனி நான் சொல்லப்போவது கணக்கு அல்ல.

என் பாட்டிக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. நான் வீட்டில் உட்கார்ந்து தாளில் பாதை வரைந்துகொண்டிருந்தபோது, "என்னா தாயி போடுற?" என்று கேட்டார். "ரயிலு பாட்டி. புள்ளைங்களுக்கு" என்றேன். பாட்டியின் முகம் மாறிவிட்டது. "வேற எதுவும் கெடைக்கலையா? ரயிலு வேணாம். அது ஆள முழுங்குன சாமான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சப்பான்காரன் காலத்தில், 1943-இல், பாட்டிக்கு ஏழு வயது. தோட்டத்திலிருந்து ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, அரிசி கிடைக்கும், திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். பாட்டியின் அப்பா சயாமுக்குப் போனார். போனவர் வரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் தெரியாது.

சயாமில் பான் போங் ஊரையும் பர்மாவில் தன்பியுசாயாட் ஊரையும் இணைத்த அந்தப் பாதை 415 கிலோமீட்டர் நீளம். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் காட்டையும் மலையையும் வெட்டி முடித்தார்கள். அதற்காக மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களைக்கூடப் பெயர்த்துக் கொண்டு போனார்கள். போர்க் கைதிகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களும் அங்கே வேலை செய்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர்கள் ஏராளம். கைதிகளுக்குக் கல்லறை வரிசையும் பெயர்ப் பலகையும் உண்டு. நம்மவர் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை. அதுவும் இதே ஒரு மீட்டர் அகலப் பாதைதான். அந்த ஒரு மீட்டரைத்தான் தொடக்கத்தில் நினைவில் வைக்கச் சொன்னேன்.

அன்று இரவு நான் தாளை மடித்து வைத்துவிட்டேன். வேண்டாம் என்றே நினைத்தேன். பிறகு யோசித்தேன். சொல்லாமல் விட்டால் பிள்ளைகளுக்குத் தெரியப்போவதில்லை. இரயிலைப் பற்றிப் படிக்கிற பிள்ளை, அதைப் போட்டவர்களைப் பற்றியும் படிக்க வேண்டும். ஆகவே பிள்ளைகளிடம் பாட்டியின் கதையைச் சொன்னேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. மறுநாள் நான்கு பிள்ளைகள் தங்கள் வீட்டில் கேட்ட இதேபோன்ற கதையோடு வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்களைச் சிறு எழுத்தில் எழுதி, பலகையின் ஓரச் சட்டத்தில் ஒட்டியிருக்கிறோம். போகும்போது குனிந்து படியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பெயர் இருந்தால் சொல்லுங்கள், சேர்க்கிறோம். சட்டத்தில் இடம் இருக்கிறது.

வட்டமா, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கா என்று அதுவரை நாங்கள் முடிவு செய்யவில்லை. முனைக்கு முனை பாதைதான் மூளைக்கு வேலை என்று எனக்கு ஆசை. பிள்ளைகள் கூடிப் பேசி வட்டம் என்றார்கள். காரணம் அப்போது சொல்லவில்லை.

பாதை முடிந்த பிறகு ஒருநாள் பாட்டியைப் பள்ளிக்கு அழைத்து வந்தேன். கட்டாயப்படுத்தவில்லை, அவராகத்தான் வந்தார். நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். ஒரு மாணவி எஞ்சினை ஓட்டினாள். மூன்று வண்டி, மல்லி விதைக் குலை நிறைய. பாட்டி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இது எங்க போவுது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அந்த மாணவி, "எங்கயும் போவாது பாட்டி. சுத்திட்டு நம்ம லயத்துக்கே வந்துரும்" என்றாள். பாட்டி தலையாட்டினார். "அப்படின்னா சரி. போறவங்க திரும்பி வரணும்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. போகுமுன் ஒரு விரலால் லயத்துக் கூரையை மட்டும் தொட்டுப் பார்த்தார்.

பெற்றோர்களே, உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. பழைய அட்டை, தீக்குச்சி, கம்பித் துண்டு, உதவாத பொம்மையின் சக்கரம், இவற்றைத் தூக்கிப் போடாமல் பள்ளிக்கு அனுப்புங்கள். வாரத்தில் ஒரு மாலை வந்து உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள். லாரி ஓட்டத் தெரிந்தவர், குலை வெட்டத் தெரிந்தவர், ஆலையில் ஆவி பிடிக்கத் தெரிந்தவர், எல்லோரும் எங்களுக்கு ஆசிரியர்களே.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு மூன்றே சொற்கள். அளந்து செய்யுங்கள். சிறிதாகத் தொடங்குங்கள். தொடங்கியதை முடியுங்கள். பெரிய பலகையில் பாதியில் நின்ற இரயிலைவிட, சிறிய பலகையில் ஓடுகிற இரயில் உயர்ந்தது. வீடு சிறியது என்று ஒருநாளும் தலை குனியாதீர்கள். மூன்றடிப் பலகையில் நம் தோட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது, வந்து பாருங்கள்.

விழா முடிந்ததும் இரயில் ஓடும். வரிசையாக வாருங்கள், பலகையில் மட்டும் கை ஊன்ற வேண்டாம். மலை ஒன்றை ஏற்கெனவே இழந்துவிட்டோம்.